உள்ளான் மேல் ஊரும் பேன்: இனம் காணத் தொடங்குவோருக்கு

செத்துக் கிடந்த பவளக்காலி ஒன்றின் இறக்கையை விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பெரிய இறகுகளின் இழைகளுக்கு நடுவே, இழையோடு இழையாகப் படுத்தபடி, பழுப்பாக ஒரு கீற்று தெரிந்தாலும் தெரியும். தூசி என்று ஊதிவிட வேண்டாம். பறவை செத்து அதிக நேரம் ஆகவில்லையென்றால், ஊசிமுனையால் சீண்டியதும் அந்தக் கீற்று அடுத்த இடுக்குக்கு நழுவும். அதுதான் நாம் தேடும் ஆள்.

பேன் என்றதும் நமக்குத் தலைமுடியும் ஈருளியும்தான் நினைவுக்கு வரும். அது இரத்தம் உறிஞ்சும் வகை. பறவைகளின் மேல் வாழ்பவை மெல்லும் பேன்கள். உறிஞ்சுகுழல் கிடையாது; கடிக்கத் தாடை உண்டு. இறகுத் துணுக்கும் தோல் செதிளும் பெரும்பாலும் தீனி, சிலவற்றுக்குக் கொஞ்சம் இரத்தமும். கோழி வளர்த்த வீட்டார் பார்த்திருக்கும் கோழிப்பேனும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. கையில் ஏறினால் ஊரும், அருவருப்பாக இருக்கும், அவ்வளவுதான். நம் உடம்பில் அதற்குப் பிழைப்பு இல்லை.

'பேனைப் பெருமாளாக்குகிறாயே' என்று வீட்டில் கேலி செய்வார்கள். நுண்ணோக்கிக்கு அடியில் முதல் பேனை வைத்த நாளிலிருந்து எனக்கு அது கேலியாகப் படுவதில்லை.

இந்தக் கட்டுரை கரைப்பறவைகளின் பேன்களைப் பற்றியது மட்டுமே: உள்ளான், உப்புக்கொத்தி, ஆட்காட்டி, மூக்கன், கோட்டான் வகையறா. (கோட்டான் என்று இங்கே சொல்வது வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவையை, ஆந்தையை அல்ல. இந்தப் பெயர்க் குழப்பத்தால் பழைய குறிப்பேடு ஒன்றில் நானே தடுமாறியிருக்கிறேன்.) கொக்கு, நாரைகளின் பேன்கள் வேறு குடும்பக் கதை. பூநாரையின் பேன்களோ இன்னும் விசித்திரம். அவற்றின் பேரினங்கள் (பேரினம் என்பது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) வாத்துகளின் மேல் வாழும் அதே பேரினங்கள். பூநாரை யாருக்குச் சொந்தம் என்று பறவையியலாளர்கள் நெடுநாள் வாதாடியபோது இந்தப் பேன்களும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டன.

முதலில் அனுமதி

கோடியக்கரை, பழவேற்காடு, வேதாரண்யம் உப்பளம் என எங்கே ஒரு செத்த உள்ளானைக் கண்டாலும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, செத்துக் கிடக்கும் காட்டுயிரும் அரசின் சொத்து. மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துபூர்வமான அனுமதி வேண்டும். தனி ஆளாக மனுப் போட்டு அலைவதைவிட, ஏற்கெனவே அனுமதி பெற்று இயங்கும் கல்லூரி விலங்கியல் துறையுடனோ பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் குழுவுடனோ சேர்ந்துகொள்வது நல்லது. கோடியக்கரையில் பாம்பே நேச்சுரல் ஹிஸ்டரி சொசைட்டி பல பத்தாண்டுகளாக வலசைப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் பறவை கையில் இருக்கும் ஐந்து நிமிடம், பேன் தேடுபவருக்குப் பெரிய கொடை.

இன்னொன்று. ஒரே இடத்தில் பத்து இருபது பறவைகள் செத்துக் கிடந்தால் கிட்டே போகாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் தகவல் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஒற்றைப் பறவையானாலும் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

ஒரு பறவைக்கு ஒரு பை

இந்த வேலையில் மனப்பாடம் செய்ய வேண்டிய விதி இது ஒன்றுதான். எனக்குப் பாடம் கற்பித்தது ஒரு கொசு உள்ளான். மின்கம்பியில் அடிபட்டு விழுந்த பவளக்காலியையும் அதன் பக்கத்திலேயே கிடந்த கொசு உள்ளானையும் சோம்பல்பட்டு ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்தேன். மறுநாள் கொசு உள்ளானின் முதுகிலிருந்து எடுத்த பேன், அந்தப் பறவை மேல் பொதுவாக இருக்க வேண்டிய எந்தப் பேரினத்திலும் அடங்கவில்லை. புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக இரண்டு நாள் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். மூன்றாம் நாள் பவளக்காலியின் இறக்கையைப் பார்த்தபோது அதே பேன் வரிசையாக உட்கார்ந்திருந்தது. பறவையின் உடல் குளிரத் தொடங்கியதும் சில பேன்கள் இடம் பெயரும். பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் ஏறும். பையில் நடந்தது அதுதான்.

ஆகவே புதிய, சுத்தமான ஜிப் பை ஒன்று, பறவை ஒன்று. பையின் உள்ளேயே பென்சிலால் எழுதிய சீட்டு. உடனே பார்க்க முடியாவிட்டால் பையோடு உறைபெட்டியில் வைத்துவிடலாம். பேன்கள் செத்துப்போகும், ஆனால் கெடாது.

பேனை எடுக்கும் விதம்

செத்த பறவையானால் வெள்ளை பீங்கான் தட்டின் மேல் வைத்து முதலில் கண்ணால் தேடுங்கள். அவசரப்பட்டுக் கழுவிவிட வேண்டாம். தலையும் கழுத்தும் ஒரு பகுதி, இறக்கை ஒரு பகுதி, முதுகு ஒன்று, வயிறு ஒன்று என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் கிடைத்ததைத் தனித்தனிக் குப்பியில் போடுங்கள். எந்தப் பகுதியில் இருந்தது என்பது பிறகு அடையாளம் காணும்போது பாதி வேலையை முடித்துத் தரும். சாமணத்தால் பிடித்தால் கால் முறியும். மிக மெல்லிய ஓவியத் தூரிகையை எத்தனாலில் நனைத்துத் தொட்டால் பேன் அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும்.

கண்ணுக்குத் தப்பியவற்றுக்குக் கழுவல் முறை. அகன்ற வாய் பாட்டிலில் நீரும் சில சொட்டு பாத்திரம் துலக்கும் திரவமும் விட்டு, பறவையைப் போட்டு மூடிச் சில நிமிடம் நன்றாகக் குலுக்கி, நீரை வடிதாளில் வடிகட்டுங்கள். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் குலுக்குங்கள். முதல் வடிப்பில் வந்ததைவிட இரண்டாவதில் அதிகம் வருவதும் உண்டு.

உயிருள்ள பறவை என்றால் அது வளையமிடும் உரிமம் பெற்றவரின் கையில்தான் இருக்க வேண்டும். பைரெத்ரம் என்ற பூச்சிக்கொல்லிப் பொடியைக் கண்ணிலும் மூக்கிலும் படாமல் இறகுகளுக்குள் தடவி, வெள்ளைத் தாளின் மேல் இறகுகளைக் கோதிக் கோதி உதிர்ப்பார்கள். பறவைக்குக் கேடில்லை. காற்று அடிக்கும் இடத்தில் மட்டும் செய்யாதீர்கள். உப்பளக் காற்றில் பறந்துபோன பேன்களைத் தேடி நான் மண்டியிட்டிருக்கிறேன்.

குப்பியில் உருவம் பார்க்க 70 விழுக்காடு எத்தனால் போதும். டி.என்.ஏ. ஆய்வுக்கும் உதவ வேண்டும் என்றால் 95 விழுக்காடு. சீட்டை எப்போதும் பென்சிலாலேயே எழுதுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, குப்பியில் நீலத் தண்ணீரும் வெற்றுத் தாளும்தான் மிஞ்சும்.

பேன் இல்லாதவற்றை ஒதுக்குதல்

புதியவர்கள் கொண்டுவரும் குப்பிகளில் பாதியில் இருப்பது இறகு உண்ணி. இறகின் அடிப்புறம், நடுத்தண்டை ஒட்டி, மாவு தூவியதுபோல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பேனைவிட மிகச் சிறியது. வளர்ந்ததற்கு எட்டுக் கால். தலை என்று தனியாகப் பிரிந்து தெரியாது. அதன் குஞ்சுக்கு ஆறு கால்தான் என்பதால் காலை மட்டும் எண்ணி முடிவுக்கு வர வேண்டாம், தலையைப் பாருங்கள். பேனுக்குத் தலை தெளிவாக, அகலமாக, மார்பிலிருந்து பிரிந்து இருக்கும், கால் ஆறு, இறக்கை கிடையாது, உடல் மேலிருந்து கீழாகத் தட்டை. பறவைப் பேனின் ஒவ்வொரு பாதத்திலும் இரண்டு நகங்கள்.

தட்டையாக, பழுப்பாக, விரலிடுக்கில் நழுவி ஓடும் பெரிய பூச்சி ஒன்று வந்தால் அது பேன் ஈ. அதையும் தனிக் குப்பியில் போட்டு வையுங்கள். அதன் உடலைக் கவ்விக்கொண்டு பேன்கள் பயணம் செய்வதுண்டு. பழைய பாடம் செய்த பறவைத் தோல்களில் நீண்ட உணர்கொம்புள்ள வெளிறிய பூச்சி கிடைத்தால் அது புத்தகப் பேன். உறவுக்காரர்தான், ஆனால் பறவையின் மேல் வாழ்ந்தவர் அல்லர்.

முதல் பிரிவு: கொம்பைப் பாருங்கள்

கரைப்பறவைப் பேன்கள் இரண்டு பெரும் பிரிவுகளில் அடங்கும்: ஆம்ப்ளிசெரா, இஸ்க்னோசெரா. கிரேக்கப் பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். முன்னதற்கு மழுங்கிய கொம்பு என்றும் பின்னதற்கு மெல்லிய கொம்பு என்றும் பொருள். அடையாளமும் அதுவே.

ஸ்டீரியோ நுண்ணோக்கியில் 40 மடங்கு பெருக்கத்தில் தலையின் இரு பக்கமும் பாருங்கள். மெல்லிய, கணுக்கணுவான உணர்கொம்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் இஸ்க்னோசெரா. கொம்பே தெரியவில்லையா? பேனைப் புரட்டிப் போடுங்கள். தலையின் அடியில் பக்கவாட்டுப் பள்ளத்துக்குள், நுனி உருண்ட குட்டிக் கொம்பு மடங்கிக் கிடந்தால் ஆம்ப்ளிசெரா. அதன் வாயருகே இன்னொரு ஜோடி குட்டி உணரிகளும் இருக்கும். இந்த வாயுணரிகளைக் கொம்பு என்று எண்ணி ஏமாறுவது எல்லோரும் செய்யும் பிழை, நானும் செய்தேன். இஸ்க்னோசெராவுக்கு வாயுணரிகளே கிடையா.

உயிரோடு பார்க்க வாய்த்தால் நடையே சொல்லிவிடும். ஆம்ப்ளிசெரா ஓட்டக்காரர், தோலின் மேல் விறுவிறுவென்று ஓடும், பறவை செத்ததும் இறங்கிவிடப் பார்க்கும். இஸ்க்னோசெரா இறகோடு ஒட்டி வாழ்கிறது; பறவை செத்த பிறகும் இறகு இழையைத் தாடையால் கவ்வியபடியே செத்திருக்கும்.

இரண்டாம் பிரிவு: உடல்வாகும் வாழும் இடமும்

பறவை தன் அலகால் உடலெங்கும் கோதிப் பேன் எடுக்கும்; தன் தலையை மட்டும் அலகால் தொட முடியாது, காலால் சொறிய முடியும், அவ்வளவுதான். ஆகவே தலையிலும் கழுத்திலும் வாழும் பேன் ஓடி ஒளிய வேண்டிய அவசியமில்லாமல் உருண்டு திரண்டு இருக்கிறது. இறக்கையில் வாழ்வதோ அலகிலிருந்து தப்ப இறகு இழைகளின் இடுக்கில் புகுந்துகொள்ள வேண்டும். அதனால் ஒல்லி. இஸ்க்னோசெராவை இந்த ஒரு கணக்கை வைத்தே பேரினம் வரை பெருமளவு நெருங்கிவிடலாம்.

தலையில் கிடைத்தது, வயிறு முட்டை வடிவில் அகன்றது, தலையின் முன்பகுதி அகலமானது, முன்நெற்றியில் கேடயம்போல் ஒரு தகடு பின்னோக்கிக் கூராக முடிகிறது என்றால் சேமுண்ட்சோனியா என்று எழுதலாம். ஐஸ்லாந்து இயற்கையியலாளர் பியார்னி சேமுண்ட்சனின் பெயரை 1936இல் டிம்மர்மான் இதற்குச் சூட்டினார். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் உருவம் ஒருமுறை பார்த்தால் மறக்காது.

இறக்கையிலோ முதுகிலோ கிடைத்தது, நீண்டு மெலிந்த உடல், குறுகிய தலை என்றால் இரண்டு பேர் போட்டிக்கு நிற்பார்கள்: குவாட்ராசெப்ஸ், லூனாசெப்ஸ். இங்கேதான் பறவையின் பெயர் கைகொடுக்கிறது. உப்புக்கொத்தி, ஆட்காட்டி, பவளக்காலி, நெடுங்கால் உள்ளான் ஆகியவற்றின் ஒல்லிப் பேன் பெரும்பாலும் குவாட்ராசெப்ஸ். கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான் போன்ற சிறு உள்ளான்களிலும் மூக்கன், கோட்டான்களிலும் அந்த இடத்தை லூனாசெப்ஸ் பிடித்துக்கொள்கிறது. என் பையில் நடந்த கூத்து இப்போது விளங்கியிருக்கும்: கொசு உள்ளானின் முதுகில் வந்து உட்கார்ந்தது பவளக்காலியின் குவாட்ராசெப்ஸ்.

சிறு உள்ளான்களிலும் மூக்கன்களிலும் கார்டுவிசெப்ஸ் என்ற இன்னொன்றும் வரும். கோரை உள்ளானில் ரைனோநிர்மஸ். பெயரிலேயே மூக்கு இருக்கிறது. கோணமூக்கு உள்ளானில் சிர்ரோஃப்தீரியஸ். கோட்டானில் கம்மிங்சியெல்லா. முதல் ஆண்டில் இந்தப் பெயர்களையெல்லாம் கேள்விப்பட்டிருந்தால் போதும்.

ஆம்ப்ளிசெரா பக்கம் வந்தால் இரண்டு பெயர்கள்: ஆக்டார்னிதோஃபிலஸ், ஆஸ்ட்ரோமெனோபான். இரண்டிற்கும் பின்னங்கால் தொடையின் அடிப்புறம் மயிர்த் திட்டு உண்டு. மயிர்த் திட்டுக்குப் பதிலாகச் சீப்புப் பல்போல் வரிசை வரிசையாக முட்கள் இருந்தால் வேறொரு பறவையின் பேன் கலந்துவிட்டதோ என்று சந்தேகப்படுங்கள். கொக்கு, நாரைப் பேன்கள் சிலவற்றில் அப்படி இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது ஸ்லைடு செய்தபின், பழகிய கண்ணுக்கு உரிய வேலை. தொடக்கத்தில் 'ஆம்ப்ளிசெரா' என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வதில் குறைவு ஒன்றுமில்லை.

ஆனால் ஆக்டார்னிதோஃபிலஸில் ஒன்றை மட்டும் புதியவரும் கண்டுபிடிக்கலாம். கோட்டானின் பெரிய பறப்பிறகு ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடியுங்கள். தண்டு கண்ணாடிக் குழாய்போல் தெரியும். உள்ளே கறுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால், தண்டில் எங்கோ ஒரு துளை இருக்கிறதா என்று தேடுங்கள். பேட்டெல்லட்டஸ் என்ற இனம் இறகுத் தண்டைக் குடைந்து உள்ளே குடியிருக்கிறது. அலகும் நகமும் எட்டாத வீடு. நான் பிளேடால் பிளந்து பார்த்த தண்டில் உயிருள்ளவற்றைவிட உரித்துப்போட்ட சட்டைகளும் எச்சமும்தான் அதிகம் இருந்தன.

வளர்ந்ததா, குஞ்சா?

பேன் முட்டையிலிருந்து வந்து மூன்று குஞ்சுப் பருவங்களைத் தாண்டியே முதிர்கிறது. குஞ்சு வெளிறியிருக்கும், உடல் தகடுகள் கறுத்திருக்காது. குஞ்சை வைத்து இனம் சொல்ல முயன்று நேரத்தைக் கொல்ல வேண்டாம். வயிற்றின் இரு ஓரமும் அடர்பழுப்புத் தகடுகள் பதிந்தவற்றைப் பொறுக்குங்கள். ஆணின் வயிற்று முனைக்குள் இனப்பெருக்க உறுப்பு நிழல்போல் தெரியும். இனம் வரை போவதற்கு அதுதான் சாவி. ஆகவே ஒரு பறவையிலிருந்து ஆண், பெண் இரண்டையும் வைத்திருங்கள்.

ஸ்லைடு செய்தல்

பேரினத்தோடு நிற்பவர்களுக்கு எத்தனாலில் மிதக்கும் பேனே போதும். இனம் வரை போக வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் சதையை அகற்றித் தோலைக் கண்ணாடிபோல் ஆக்க வேண்டும். வயிற்றின் ஓரத்தில் நுண்ணூசியால் ஒரு துளையிட்டு, 10 விழுக்காடு காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் ஓர் இரவு ஊறப் போடுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், கையில் பட்டால் புண்ணாகும். காலையில் நீரில் கழுவி, வயிற்றை மெல்ல அழுத்தினால் கரைந்தது வெளியேறும். பின் எத்தனாலின் அடர்த்தியைப் படிப்படியாகக் கூட்டி ஈரம் போக்கி, கிராம்பு எண்ணெயில் சிறிது நேரம் வைத்து, கனடா பால்சம் என்ற தெளிந்த பிசினில் முதுகு மேலே இருக்கும்படி, கால்களைப் பரப்பி அமர்த்திக் கவர் ஸ்லிப்பால் மூடுங்கள். முதல் பத்து ஸ்லைடுகள் பாழாகும். தலை திரும்பும், காற்றுக்குமிழி வரும், கால் காணாமல் போகும். அதற்காக அரிய பறவையின் பேனில் கை பழகாதீர்கள். கோழிப்பேன் இருக்கவே இருக்கிறது. டி.என்.ஏ. வேண்டும் என்றால் பொட்டாஷில் போடுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்திருக்க வேண்டும்.

சீட்டு

பறவையின் பெயரால் பேனின் பெயரைக் குறுக்கிக்கொண்டு வருகிறோம். அதனாலேயே பறவையின் பெயர் தவறாக இருந்தால் எல்லாமே சரியும். லூனாசெப்ஸ், கார்டுவிசெப்ஸ் இரண்டுக்கும் 1939இல் பெயரிட்டவர்கள் தெரேசா க்ளே என்ற ஆங்கிலப் பூச்சியியலாளரும் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ராணுவ அதிகாரியும். மைனர்ட்ஸ்ஹாகன் பெரிய பேன் சேகரிப்பாளர், பறவைத் தோல் சேகரிப்பாளரும்கூட. அவர் இறந்து பல்லாண்டுகள் கழித்து, அந்தத் தோல்களில் பல அருங்காட்சியகங்களிலிருந்து திருடி, இடமும் தேதியும் மாற்றிச் சீட்டு ஒட்டியவை என்று தெரியவந்தது. இந்தியாவின் வனச் சிற்றாந்தையை 1914இல் குஜராத்தில் பிடித்ததாக அவர் எழுதிய சீட்டு அவற்றில் ஒன்று. அந்தத் தோல் 1880களில் இன்னொருவர் சேகரித்தது. அந்தப் பறவையை 1997இல் மகாராஷ்டிரக் காட்டில் உயிரோடு கண்டுபிடித்த குழு, பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு உண்மையான பழைய சீட்டுகள் காட்டிய இடங்களில்தான் தேடியது.

நாம் திருடப் போவதில்லை; ஆனால் மறதியும் ஊகமும் அதே சேதத்தைச் செய்யும். ஆகவே சீட்டில் பறவையின் பெயர், வளைய எண் இருந்தால் அது, ஊர், தேதி, உடலின் எந்தப் பகுதி, எடுத்தவர் பெயர். பறவை எது என்று சந்தேகமானால் சந்தேகம் என்றே எழுதுங்கள். இறந்த பறவையின் இறகு ஒன்றையும் கூடவே வையுங்கள். பேனின் பெயரை மட்டும் பறவையின் பெயரைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். கொசு உள்ளான் என்ற சீட்டைப் பார்த்ததும் லூனாசெப்ஸ் என்று எழுதக் கை துடிக்கும். முதலில் தலையைப் பார்த்து, கொம்பைப் பார்த்து, உடலைப் பார்த்து எழுதுங்கள். பிறகு பறவையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் பையில் வேறு என்ன இருந்தது என்று யோசியுங்கள்.

ஸ்லைடுகள் காய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை படுக்கை வாக்கில், எறும்பு ஏறாத இடத்தில் வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் பேன் பால்சத்தோடு வழிந்து கவர் ஸ்லிப்பின் ஓரத்துக்குப் போய்விடும்.